"இன்ஜினை இறக்கணும்ணே" என்று மெக்கானிக் சொன்னால்: பழைய வேன் வாங்கியவர்களுக்கு

வேன் சூடாகிறது என்று காலையில் ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் போன் வரும். "அண்ணே, ஹெட் கேஸ்கட் போயிருக்கு. கழட்டுறதே கழட்டுறோம், ரிங் செட்டு, கிளட்ச் பிளேட்டு எல்லாத்தையும் சேர்த்துப் பண்ணிருவோமா?" ஹெட் என்பது இன்ஜினின் மேல்மூடி, கேஸ்கட் அதற்கு அடியில் ஒழுகாமல் அடைக்கும் தகடு, ரிங் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம். சரி என்றால் வேன் வாங்கிய விலையில் பாதி போய்விடும் போலிருக்கும். வேண்டாம் என்றால் கப்பலூர் டோல்கேட் தாண்டி நடுரோட்டில் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கும்.

மதுரைப் பக்கம் பழைய வேன் என்றாலே நினைவுக்கு வருவது மாருதி ஆம்னிதான். 1984-இல் வந்து 2019-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. பூ மார்க்கெட், சமையல் காண்ட்ராக்ட், மைக்செட், பந்தல் வேலை என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஈக்கோ, டாடா மேஜிக் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மெக்கானிக் நல்லவரா, ஏமாற்றுகிறவரா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதீர்கள். முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நான் பார்த்தவரை வேண்டுமென்றே ஏமாற்றுகிறவர்கள் குறைவு, ஊகத்தில் வேலை செய்கிறவர்கள்தான் அதிகம். "இதுவாத்தான் இருக்கும்" என்று ஒன்றை மாற்றுவார், சரியாகாது, அடுத்ததை மாற்றுவார். நேர்மையான மனிதர்தான், ஆனால் ஒவ்வொரு ஊகத்துக்கும் பணம் கொடுப்பது நீங்கள். அதனால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "எப்படித் தெரிஞ்சதுண்ணே? ஒரு தடவை காட்டுங்க." சோதித்துப் பார்த்தவர் காட்டுவார். ஊகித்தவர், "இருபது வருசமா பார்க்கிறேன்" என்பார்.

அதைக் கேட்கும் விதமும் முக்கியம். சந்தேகப்படுகிற குரலில் கேட்டால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். "நீங்க சொன்னா சரியாத்தான்ணே இருக்கும். எனக்கு வண்டி புதுசு, காட்டினீங்கன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்" என்று கேட்டுப் பாருங்கள். போனில் கேட்காமல் நேரில் போய்க் கேளுங்கள். வேலை குவிந்திருக்கும் காலையிலும் கடை அடைக்கும் நேரத்திலும் போகாமல், பதினொரு மணி டீக்குப் போனால் பொறுமையாகப் பேசுவார்கள்.

வண்டியை விடும்போது

புதிதாக வாங்கியவர்கள் செய்யும் பெரிய தப்பு, நோயைச் சொல்லாமல் மருந்தைச் சொல்வது. "கிளட்ச் போயிருச்சு, மாத்திருங்க" என்று நீங்களே சொன்னால் அவர் மாற்றித்தான் கொடுப்பார். குறை அப்படியே இருந்தால் அவர் மீது குற்றம் இல்லை. என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, சூடான பிறகா? எந்த கியரில்? திரும்பும்போது மட்டுமா, நேராகப் போகும்போதும் வருகிறதா? புகை என்ன நிறம்? என்ன வாடை? சத்தம் என்றால் போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒர்க்ஷாப் வாசலில் போய் நின்றதும் வண்டிச் சத்தம் மாயமாகிவிடும். கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது, அப்போது மீட்டர் எவ்வளவு என்பதையும் குறித்து வையுங்கள்.

யார் கழற்றப் போகிறார் என்றும் கேளுங்கள். டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் ஓட்டிய ஊர் இது. "டிவிஎஸ்ல வேலை பார்த்தவரு" என்றால் இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்த அனுபவசாலி கல்லாவில் உட்கார்ந்திருக்க, உங்கள் வண்டிக்குக் கீழே படுத்திருப்பது போன மாதம் சேர்ந்த தம்பியாக இருக்கலாம். தம்பி கழற்றட்டும், தப்பில்லை. என்ன குறை என்று முடிவு செய்வது பெரியவராக இருக்கட்டும்.

யோசிக்காமல் ஒத்துக்கொள்ள வேண்டியவை

பிரேக், ஸ்டியரிங், டயர், பெட்ரோல் வாடை. இந்த நாலில் எதையாவது சொல்லி, "இதோட ஓட்டாதீங்க" என்றால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சரிபார்க்கவும் அதிக நேரம் ஆகாது. சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேட் தெரியும். உராயும் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். பின் டிரம்மைத் திறந்து, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைச் சற்று விலக்கச் சொல்லுங்கள். உள்ளே ஈரம் கசிந்திருந்தால் பிரேக் ஆயில் லீக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் அது வீண் செலவு இல்லை. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறி இறங்குகிறவர் இதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. இறக்கத்தில் பிரேக் சூடேறி, ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்தால் மிதி தரை வரை போய்விடும்.

ஸ்டியரிங் ஆட்டத்தை உங்கள் கையாலேயே பார்க்கலாம். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்ட் கொடுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு, சக்கரத்தின் மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொட என்றால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட் பக்கம் பார்க்க வேண்டும். ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

டயரின் வயதை அறிய, பக்கவாட்டில் உள்ள குறியீட்டின் கடைசி நாலு எண்களைப் பாருங்கள். 2318 என்றால் 2018-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. தரையில் படும் பகுதியின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே போயிருந்தாலும், பக்கவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தாலும் பேச்சே இல்லை. பெட்ரோல் வாடையும் அப்படித்தான். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதாவது உங்களுக்கு அடியில். வீட்டு சிலிண்டரில் ஓடும்படி கேஸ் மாட்டிய வேன் கையில் வந்திருந்தால், அதைக் கழற்றி எறிந்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

சூடாகும் வேன்: காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ள நல்ல இடம்

மதுரை வெயிலில் பழைய வேனுக்கு அதிகம் வரும் புகார் இது. தேவையில்லாமல் ஹெட் இறங்குவதும் இதில்தான் அதிகம் என்பேன். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

செல்லூரில் எனக்குத் தெரிந்த சமையல் காண்ட்ராக்டர் அண்ணன் ஒருவரின் ஆம்னி, கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறிவிடும். ரிங் ரோட்டில் போட்டு ஓட்டினால் இறங்கிவிடும். ஒரு மெக்கானிக் ஹெட் கேஸ்கட் என்று சொல்லி விலையும் சொல்லிவிட்டார். வேறொருவர் ஒன்றையும் கழற்றவில்லை. ஓடும்போது சூடு இறங்குகிறது என்றால் தண்ணீர் சுற்றுகிறது, ரேடியேட்டர் வேலை செய்கிறது, நிற்கும்போது காற்றுதான் வரவில்லை என்று யோசித்தார். வண்டியை ஐடிலில் விட்டுக் காத்திருந்தார்; ஃபேன் சுற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தார், அப்போதும் சுற்றவில்லை. ஃபேன் மோட்டார் மாற்றியதோடு கதை முடிந்தது.

இதில் ஒரு முறை இருக்கிறது. டிராஃபிக்கில் மட்டும் சூடானால் முதலில் ஃபேன், அதன் சுவிட்ச், ஃபியூஸ். நாலுவழிச் சாலையில் வேகமாகப் போகும்போதும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, தண்ணீர் பம்ப், தளர்ந்த பெல்ட். இந்த ஊர் போர் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியிருந்தால் ரேடியேட்டருக்குள் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். மூடியைத் திறந்து பார்த்தாலே தெரியும், ஆனால் இன்ஜின் ஆறிய பிறகு மட்டும். சூட்டில் திறந்தால் கொதிதண்ணீர் முகத்தில் அடிக்கும். அந்த மூடியையும் பாருங்கள். ரப்பர் கிழிந்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ இருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மிகக் குறைந்த செலவில் மாறக்கூடிய சாமான் அதுதான். அதைத் தாண்டிவிட்டு நேராக ஹெட்டுக்குப் போகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

"தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிப் போட்டுர்றேன், சூடே ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு அது. நம் ஊரில் இது பழகிப்போன வைத்தியம். அடைத்த ரேடியேட்டர் அதனால் திறந்துவிடாது. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் குடிக்கும். வேண்டாம்.

சரி, உண்மையிலேயே ஹெட் கேஸ்கட் போயிருந்தால்? அதற்கும் அடையாளம் உண்டு. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீரில் விடாமல் குமிழி வரும். ஆயில் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். எங்கும் ஒழுகாமலேயே தண்ணீர் குறையும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. இவற்றில் இரண்டை உங்களுக்குக் காட்டினால் நம்பிப் பணம் கொடுக்கலாம். தள்ளிப்போட்டால் ஹெட் வளைந்து செலவு கூடும்.

புகை, ஆயில், "ரிங் போயிருச்சு"

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அதற்காக எல்லா நீலப் புகையும் ரிங் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு வீச்சு புகைந்துவிட்டு நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். லோடு ஏற்றி மேடு ஏறும்போது விடாமல் புகைந்தால் ரிங் பக்கம் சந்தேகப்படலாம். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், புது மாடலாக இருந்தால் சென்சார். அதற்கும் ரிங்குக்கும் சம்பந்தமே இல்லை.

இன்ஜினை இறக்கிப் பிரிக்கச் சொன்னால் முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று, பார்க்கச் சொல்லுங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் மீட்டரை வைத்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்துப் பார்ப்பது. ஆம்னிக்கு மூன்று சிலிண்டர்தான், ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அருகில் நின்று மூன்று அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக, கம்பெனி சொன்ன அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் இன்ஜினைத் தொட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் 10, 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் விட்டிருக்கலாம். "மீட்டர் எல்லாம் வேண்டாம், சத்தத்துலயே தெரியும்" என்பவரிடம் ஆயில் மாற்றலாம். இன்ஜினைக் கொடுக்க நான் தயாரில்லை.

கம்ப்ரஷன் சுமாராக இருந்து, ஆயில் கொஞ்சம் குடிக்கிறது என்றாலும் உடனே இறக்கியாக வேண்டும் என்பதில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் ஊற்றி ஓட்டினாலே போதும் என்றால், ஊற்றி ஓட்டுவதுதான் லாபம். வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"இறக்கிச் சரிபண்றதுக்குப் பதிலா செகண்ட்ஸ் இன்ஜின் ஒண்ணு மாட்டிரலாம், செலவு கம்மி" என்று ஒரு யோசனை வரும். செலவு கம்மிதான். ஆனால் இன்ஜின் நம்பர் மாறிவிடும். அதை ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்லி ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) ஏற்றாவிட்டால் எஃப்.சி.யில் (தகுதிச் சோதனை) மாட்டும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் மாட்டும். அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் கொடுக்க முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

கிளட்சும் பேட்டரியும் எளிது. கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க, முன்னால் இடம் உள்ள சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது. பேட்டரிக்கு மல்டிமீட்டர் போதும். ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள். ஓடும்போதும் 12-லேயே நின்றால் கோளாறு டைனமோ பக்கம். அந்த நிலையில் புது பேட்டரி வாங்கினால் அதுவும் படுத்துவிடும்.

"சேர்த்துப் பண்ணிருவோம்"

இது எப்போதும் தந்திரம் இல்லை. எதற்காக எதைக் கழற்றுகிறோம் என்று பார்த்தால் புரிந்துவிடும். கியர்பாக்ஸை இறக்கினால்தான் கிளட்ச் தெரியும். அதனால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது நியாயம். தனித்தனியாகச் செய்தால் கூலி மூன்று மடங்கு. டைமிங் பெல்ட் மாற்றும்போது டென்ஷனர், ஹெட் இறங்கியிருக்கும்போது வால்வு சீல், இதெல்லாமும் சரி. ஆனால் ஹெட் கேஸ்கட்டோடு ரிங் செட்டைச் சேர்த்தால், அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றிப் பிஸ்டனை உருவ வேண்டிய தனி வேலை அது. கம்ப்ரஷன் அளவைக் காட்டிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

சாமான் வாங்குவது

ஒரே சாமானுக்கு ஒரிஜினல், கம்பெனி சாமான், லோக்கல் என்று விலை மூன்று வகை. எல்லாவற்றுக்கும் மாருதி பெட்டியே வேண்டும் என்பதில்லை. ஃபேன் பெல்ட்டுக்கு நம் கோச்சடை ஃபென்னர் போதும், எலக்ட்ரிக்கலுக்கு லூகாஸ் டிவிஎஸ், பாஷ் போதும். பிரேக் சாமானிலும் டைமிங் பெல்ட்டிலும் மட்டும் லோக்கல் வேண்டவே வேண்டாம்.

கடைக்காரர் மெக்கானிக்குக் கமிஷன் கொடுப்பது ஊரறிந்த விஷயம். அதைத் திருட்டாக நான் நினைக்கவில்லை; அலைகிற கூலி என்று வைத்துக்கொள்ளலாம். உறுத்தினால் அவரோடு சேர்ந்து கடைக்குப் போங்கள், பில் உங்கள் பெயருக்கு வரட்டும். நீங்களே தனியாக வாங்கிக் கொடுத்தால் ஒரு சங்கடம் உண்டு: சாமான் சரியில்லாமல் போனால் "நீங்க வாங்கினதுதானே" என்பார், திரும்பக் கழற்றி மாட்டும் கூலியும் உங்கள் தலையில்.

பழைய சாமான் எல்லாவற்றையும் எடுத்து வைக்கும்படி வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். முடிந்த பிறகு கேட்டால் அது காயலான் கடைக்குப் போயிருக்கும். சந்தேகம் அதிகமென்றால் கழற்றப்போகும் சாமானில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடலாம்.

இன்னொருவரைக் கேட்பது

பெரிய வேலை என்றால் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டத்தான் வேண்டும். முதலாமவர் சொன்னதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் "ஆமா, அதான்" என்பார், இல்லையென்றால் "அவனுக்கு என்ன தெரியும்" என்பார், இரண்டாலும் பயனில்லை. குறையை மட்டும் சொல்லுங்கள். இருவரும் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் போதும்.

நம் ஊரில் ரேடியேட்டருக்கு ஒரு கடை, எலக்ட்ரிக்கலுக்கு ஒரு கடை, ஹெட் வேலைக்கு லேத் என்று தனித்தனியாக இருப்பதும் ஒரு வசதி. ஹெட்டைக் கழற்றிவிட்டார்கள் என்றால் அதோடு லேத்துக்கு நீங்களும் போங்கள். லேத்காரர் இரும்பு ஸ்கேலை ஹெட்டின் மேல் குறுக்கே வைத்து, அடியில் மெல்லிய தகட்டை நுழைத்து, வளைந்திருக்கிறதா என்று காட்டுவார். உங்கள் வேனுக்குப் புது ஹெட் விற்பதில் அவருக்கு ஒரு ஆதாயமும் இல்லை.

செலவுக்குத் தகுமா

பெரிய தொகைக்குத் தலையாட்டும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். மதுரைப் பதிவு எண்களான டி.என். 58, 59, 64 எதுவானாலும் சட்டம் ஒன்றுதான்: சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். கார் வகைக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டிய வேன், அடித்தளமும் துருப்பிடித்திருக்கிறது என்றால், இன்ஜினில் பணம் போடும் முன் டிங்கரிங் கடையில் தரைத் தகட்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பாடி நன்றாக இருந்து, ஆர்.சி.யும் நாலு வருடம் மிச்சம் இருந்தால் இன்ஜின் வேலை செய்வதில் தப்பில்லை. ஆம்னிக்குச் சாமான் இன்னும் தாராளமாகக் கிடைக்கிறது.

பணம் கொடுக்கும் நாள்

வேலை தொடங்கும் முன்பே சாமான், கூலி இரண்டையும் பிரித்து ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. "இதுக்கு மேல ஏதாவது வந்தா போன் பண்ணிட்டுத்தான் செய்யணும்ணே" என்பதையும் சொல்லிவிடுங்கள். சின்ன பட்டறையில் ஜி.எஸ்.டி. பில் இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். வரவு குறைவான கடைக்கு அந்தப் பதிவு கட்டாயம் இல்லை. தேதி, வண்டி நம்பர், செய்த வேலை எழுதிய கைப்பில் போதும்.

வண்டியை எடுக்கும்போது மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த நிலையில் குறை வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். டிராஃபிக்கில் சூடான வண்டியைக் காலியான சாலையில் ஓட்டிப் பார்த்துப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. ஹெட் இறங்கிய வண்டி என்றால் முதல் வாரம் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்யும் முன், தண்ணீரையும் ஆயிலையும் பாருங்கள். குறை திரும்பினால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஓட்டிவிட்டுப் போனால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பேசித் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அதற்குமேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே வழக்குப் போடக் கட்டணம் இல்லை, ஆனால் அந்தக் கைப்பில்லும் பழைய சாமானும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.